மாடு மேய்த்த சிறுவனும் மண் யந்திரங்களும்

இங்கிலாந்து தேசத்தின் வடகிழக்கில், நியூகாசில் நகரத்துக்கு மேற்கே, டைன் நதிக்கரையில் இருக்கும் வைலம் என்னும் சிற்றூரில், நாலு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட ஒரு வீட்டின் ஒற்றை அறையில், 1781-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார், நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறும் நீரை இறைத்துக் கொட்டும் நீராவி யந்திரத்தின் அடுப்புக்குக் கரி போடுகிற கூலியாள்; எழுத்து வாசனை அறியாதவர். வாசற்படியைத் தாண்டினால் மரத்தண்டவாளம்; அதன்மேல் கரி நிறைந்த வண்டிகளைக் குதிரைகள் இழுத்துக்கொண்டு போகும். பிற்காலத்தில் ரயில்வேயின் தந்தை என்று உலகத்தார் கொண்டாடிய ஜார்ஜ் ஸ்டீவன்சன் கண் திறந்து பார்த்த உலகம் அவ்வளவுதான்: ஒரு புறம் மூச்சு வாங்கும் யந்திரம், மறு புறம் மூச்சு வாங்கும் குதிரை.

எட்டு வயதில் அவன் சம்பாதிக்கத் தொடங்கினான். கரிவண்டிப் பாதையின் ஓரத்துப் புல்லை மேய்த்துக்கொள்ளும் பாத்தியதை பெற்றிருந்த ஒரு விதவையின் மாடுகள் தண்டவாளத்தின் குறுக்கே போய் வண்டியில் அடிபட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கூலி நாளொன்றுக்கு இரண்டு பென்ஸ். மாடுகள் தம் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்க, சிறுவன் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் களிமண் எடுத்துக் குழைத்து, தன் தகப்பனார் வேலை செய்யும் யந்திரத்தைப் போலவே சிறு சிறு யந்திரங்கள் செய்து, உள்ளே துளையுள்ள செடித்தண்டுகளை ஒடித்து நீராவிக் குழாய்களாகச் செருகி வைப்பானாம்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொல்லி இந்த இடத்திலேயே பெருமூச்சு விடுவது சரித்திரம் எழுதுவோரின் வழக்கம். எனக்கு அந்தப் பழமொழியில் பாதி நம்பிக்கைதான் உண்டு. அந்தக் களிமண்ணை ஜார்ஜ் ஒருவன் மட்டும் குழைக்கவில்லை. உடன் உட்கார்ந்து குழைத்த தோழன் ஒருவனும் இருந்தான். அவனைத் தேடிக்கொண்டு சரித்திரம் போகவில்லை. யந்திரத்தின் மேல் பிள்ளைப் பிராயத்தில் உண்டாகும் ஆசை, மழைக்குப் பின் முளைக்கும் புல்லைப் போல எங்கும் காணப்படுவது. அது ஒரு தொழிலாக, ஒரு வித்தையாக, பிறர் தம் உயிரையும் பொருளையும் நம்பி ஒப்படைக்கத்தக்க யோக்கியதையாக மாறுவதற்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதே நாம் விசாரிக்க வேண்டிய விஷயம்.

ஸ்டீவன்சனுக்கு நடுவில் நடந்தது நீண்ட கூலிவேலை. கரியிலிருந்து கல் பொறுக்கினான். யந்திரத்துக் குதிரையை ஓட்டினான். பதினாலாம் வயதில் தகப்பனாருக்கு உதவியாளனாகக் கரி போடப் போனான். வாரத்துக்குப் பன்னிரண்டு ஷில்லிங் சம்பளம் கிடைத்த நாளில், இனி வாழ்நாளுக்குக் கவலையில்லை என்று அவன் மகிழ்ந்ததாகச் சொல்வார்கள். பதினேழாம் வயதில், தகப்பனார் கரி போட்டுக்கொண்டிருந்த அதே சுரங்கத்தில், பம்பு தடைப்படாமல் நீரை இழுக்கும்படி கவனித்துக்கொள்ளும் பொறுப்பான ஸ்தானத்துக்கு, தகப்பனாரையும் விட மேலான உத்தியோகத்துக்கு, அவன் உயர்ந்தான். வேலை ஓய்ந்த வேளைகளில் மற்ற வாலிபர்கள் கோழிச் சண்டைக்கும் சாராயக் கடைக்கும் போய்விட, இவன் யந்திரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்து, எந்த உறுப்பு எதற்காக இருக்கிறது என்று பார்த்து, மறுபடியும் பழையபடி பூட்டி வைத்தான். கழற்றுவது எந்தக் குழந்தைக்கும் வரும். திங்கட்கிழமை காலையில் சுரங்கத்துக்குள் இறங்கப்போகிற மனிதர்களின் நிமித்தம் அது தவறாமல் ஓடியே தீரவேண்டும் என்னும் பயபக்தியோடு திரும்பப் பூட்டுவது வேறு காரியம்.

பதினெட்டு வயதாகியும் அவனுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. போல்டன், வாட் ஆகிய இருவரும் செய்த புதுமாதிரி யந்திரங்களைப் பற்றிப் புத்தகங்களில் விவரமாக எழுதியிருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டான். யந்திரத்தைப் பற்றிய இரகசியம் புத்தகத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது, சாவியோ தன் கையில் இல்லை என்று தெரிந்தபோது, வளர்ந்த வாலிபன் என்றும் வீட்டுக்குச் சம்பாதிக்கும் பிள்ளை என்றும் வெட்கப்படாமல், வாரத்தில் மூன்று இரவுகள் ஓர் ஏழை உபாத்தியாயரிடம் போய், வாரத்துக்கு மூன்று பென்ஸ் கொடுத்து அட்சராப்பியாசம் செய்யத் தொடங்கினான். பத்தொன்பதாம் வயதில் அவன் தன் பெயரை எழுதினான். பிறகு கணக்குக் கற்றுக்கொடுக்க ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். அவருக்கு வாரத்துக்கு நாலு பென்ஸ். இரவில் அவர் கொடுத்த கணக்குகளைப் பகலில் யந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பலகையில் போட்டு முடித்து, மறுநாள் திருத்துவதற்கு அனுப்பி வைப்பான். நம் ஊர்களில் பிள்ளைக்கு முதலில் எண்ணும் எழுத்தும் வந்து, அப்புறம் அவற்றால் என்ன செய்வதென்று தெரியாமல் அவன் விழிப்பதைக் காண்கிறோம்; இவனிடத்திலோ எதற்காகக் கற்க வேண்டும் என்பது முன்னால் வந்து, கல்வி அதன் பின்னால் ஓடி வந்தது.

அறிவு வருவதற்கு முந்திய ஆசைக்கு உள்ள அசட்டுத்தனமும் அவனிடம் இல்லாமற் போகவில்லை. எகிப்து தேசத்தில் செயற்கைச் சூட்டினால் கோழிமுட்டைகளைப் பொரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொதிகலனின் வெதுவெதுப்பில் முட்டைகளை வைத்துக் காத்திருந்தான், குஞ்சு வரவில்லை. ஒருமுறை தள்ளிவிட்டால் யாதொரு சக்தியின் உதவியுமின்றி என்றென்றும் ஓடிக்கொண்டேயிருக்கும் யந்திரம் ஒன்றைச் செய்துவிடலாம் என்றும் பாடுபட்டான். அப்படி ஒன்று இயலாது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத காரணத்தால் எத்தனை இரவுகள் வீணாயின என்று நினைக்கும்போது, அனுபவமே போதும், படிப்பு எதற்கு என்று பேசுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது.

கலியாணமாகிக் குடித்தனம் வைத்த பிறகு ஒருநாள் அவன் வீட்டுப் புகைபோக்கியில் தீப்பிடித்தது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்து தண்ணீரைக் கொட்டியதில் வீடு முழுவதும் கரியும் ஈரமும் படிந்து, சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் நின்றுபோயிற்று. கடிகாரக்காரனிடம் கொடுத்தால் பணம் செலவாகும் என்று தானே கழற்றிச் சுத்தம் செய்து ஓட வைத்தான். அன்று முதல் அந்த வட்டாரத்துக் கடிகாரங்களுக்கெல்லாம் அவனே வைத்தியன். செருப்புத் தைத்தும் நாலு காசு சேர்த்தான். இந்தச் சில்லறை வேலைகளைப் பெரியவர்களின் சரிதைகளில் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கெட்டுப்போன பொருள் கைக்கு வரும்போதுதான் அது எப்படி நன்றாக இருந்தது என்று நமக்குப் புலப்படுகிறது. பழுது பார்க்கிறவனுக்குக் கிடைக்கும் இந்தப் பாடம் புதிதாகச் செய்கிறவனுக்குக் கூட எளிதில் கிடைப்பதில்லை.

1806-ஆம் ஆண்டில் மனைவி இறந்தாள். மூன்று வயதுகூட நிரம்பாத மகன் ராபர்ட்டை ஊரில் விட்டுவிட்டு, ஸ்காட்லாந்துக்குக் கால்நடையாகப் போய் வேலை செய்து திரும்பி வந்தபோது, யந்திரத்தில் நடந்த விபத்தொன்றில் நீராவி முகத்தில் அடித்துத் தகப்பனார் இரு கண்களையும் இழந்திருந்தார். சேர்த்த பணம் தகப்பனாரின் கடனை அடைக்கவும், பட்டாளத்தில் தனக்குப் பதில் ஆள் அனுப்பவும் கரைந்தது. அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய்விடலாமா என்றும் யோசித்தான், போவதற்கும் பணமில்லை.

இப்படி இருக்கையில், 1811-ஆம் ஆண்டு, கில்லிங்வொர்த் என்னும் ஊரில் புதிதாகத் தோண்டிய சுரங்கம் ஒன்றில் நீர் இறைப்பதற்காக நிறுவிய யந்திரம் ஏறக்குறைய ஒரு வருஷகாலம் இரவும் பகலும் ஓடியும் நீர் வற்றவில்லை. அக்கம்பக்கத்து யந்திர நிபுணர்கள் அனைவரும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். அந்தப் பழைய மாதிரி யந்திரத்தில் நீராவி நேரே தள்ளுவதில்லை. சிலிண்டருக்குள் நீராவியை நிரப்பி, உள்ளே குளிர்ந்த நீரைப் பீச்சினால், நீராவி சட்டென்று நீராகிச் சுருங்கி வெற்றிடம் உண்டாகும். அப்போது வெளியே உள்ள காற்றின் பாரம் பிஸ்டனைக் கீழே அழுத்தும். அந்த அழுத்தமே மறுமுனையில் பம்பின் கோலை மேலே தூக்கும். ஆகவே குளிர்ந்த நீர் போதிய வேகத்தோடும் போதிய அளவிலும் உள்ளே பாயாவிட்டால், எவ்வளவு கரியை எரித்தும் பயனில்லை. ஓய்வு நேரங்களில் அங்கே போய் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீவன்சனுக்குக் குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. ஒரு வாரத்தில் ஆட்களைச் சுரங்கத்தின் அடிக்கு இறக்க முடியும் என்று அவன் சொன்ன சொல், வேறு வழி இல்லாத மேலாளர் காதுக்கு எட்டியது.

வேலையாட்களைத் தானே தேர்ந்தெடுப்பதாக ஒரே ஒரு நிபந்தனை போட்டான். நீர்த்தொட்டியைப் பத்தடி மேலே உயர்த்தினான்; நீர் பீச்சும் துளையை ஏறக்குறைய இரு மடங்கு அகலமாக்கினான்; நீராவியின் அழுத்தத்தையும் சதுர அங்குலத்துக்கு ஐந்து ராத்தலிலிருந்து பத்து ராத்தலுக்கு ஏற்றினான். புதன்கிழமை யந்திரம் ஓடத் தொடங்கிற்று. முதல் வீச்சில் கட்டடமே அதிரும்படி மோதி எல்லோரையும் பயமுறுத்திவிட்டு, நீர்மட்டம் தாழத் தாழ நிதானத்துக்கு வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் ஆட்கள் சுரங்கத்தின் அடியில் நின்றார்கள். சன்மானம் பத்துப் பவுன். அடுத்த ஆண்டு அந்தச் சுரங்கங்களின் யந்திரங்கள் யாவற்றுக்கும் அவனே தலைவன். சம்பளம் வருஷத்துக்கு நூறு பவுன். இதுவரை அவன் என்றேன். இனி அவர் என்பதே மரியாதை.

அதற்குப் பின் நடந்தவை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. 1814-ஆம் ஆண்டு ஜூலையில் அவர் செய்த முதல் ரயில் என்ஜின் முப்பது டன் பாரத்தை மணிக்கு நாலு மைல் வேகத்தில் மேட்டில் இழுத்தது. 1825-இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதை திறந்தது. 1829-ஆம் ஆண்டு ரெயின்ஹில் போட்டியில் ‘ராக்கெட்’ என்ஜின் ஐந்நூறு பவுன் பரிசைப் பெற்றது. மகன் ராபர்ட் நடத்திய நியூகாசில் தொழிற்சாலையில் உருவானது அது.

ஆனால் அந்தப் புகழின் நடுவே ஒரு தலைகுனிவும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகும். லிவர்பூல்–மாஞ்செஸ்டர் ரயில் பாதைக்கான மசோதாவைப் பாராளுமன்றக் குழு 1825-ஆம் ஆண்டு ஏப்ரலில் விசாரித்தபோது, எதிர்த்தரப்பு வக்கீல்கள் அவரைக் கூண்டில் நிறுத்தினார்கள். வடநாட்டுக் கொச்சையில் பேசிய அவரைப் பார்த்து, இவர் அந்நிய தேசத்தாரோ என்று ஒருவர் கேட்டாராம். பாதையின் குறுக்கே மாடு ஒன்று வந்துவிட்டால் சங்கடமாயிராதா என்று ஓர் அங்கத்தினர் கேட்க, மாட்டுக்குத்தான் மிகவும் சங்கடம் என்று அவர் பதில் சொன்னது இன்றும் வழங்கும் கதை. தண்டவாளத்திலிருந்து மாடுகளை விலக்குவதற்கே முதற்கூலி வாங்கிய மனிதரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பது அந்த அங்கத்தினருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் கேலியெல்லாம் ஓய்ந்து, நில அளவைக் கணக்குகளை எடுத்து விரித்தபோது நிலைமை மாறிற்று. உதவியாளர்கள் எடுத்த மட்டங்கள் தவறாயிருந்தன. அவரோ அவற்றைச் சரிபார்க்கவில்லை. பாதை கடக்க வேண்டிய நதியின் அகலத்தையும் பாலத்தின் உயரத்தையும் கேட்டதற்கு அவரிடம் விடையில்லை. மசோதா வீழ்ந்தது. வக்கீல்கள் கொடுமைக்காரர்கள் என்று அவருடைய பக்தர்கள் எழுதுகிறார்கள். அளவு தப்பாயிருந்தது என்பதே என் தீர்ப்பு. யந்திரத்தைக் கைவிரலால் தொட்டு உணர்ந்தவர், நிலத்தைக் காகிதத்தில் பிறர் எழுதியபடி நம்பிவிட்டார். மறு ஆண்டு மசோதா வேறு அளவையாளர்களின் படங்களோடு நிறைவேறியது; பாதையைப் போட மறுபடியும் அவரைத்தான் அழைத்தார்கள். 1830-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி அது திறந்தது.

தமக்கு இல்லாத படிப்பு எவ்வளவு பெரிய குறை என்பது அவருக்கு அந்தக் கூண்டில் ஏறுவதற்கு வெகு காலம் முன்னரே தெரியும். மகனை நியூகாசிலில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்து, தினமும் போய்வர ஒரு கழுதையும் வாங்கிக் கொடுத்தார். அந்த நகரத்து இலக்கிய தத்துவ சங்கத்தின் நூல்நிலையத்திலிருந்து பையன் புத்தகங்கள் கொண்டுவருவான்; கொண்டுவர அனுமதியில்லாதவற்றிலிருந்து படங்களை வரைந்து எடுத்து வருவான்; இரவில் தகப்பனும் மகனும் ஒரே விளக்கின் முன் உட்கார்ந்து படிப்பார்கள். யார் உபாத்தியாயர், யார் மாணாக்கர் என்று பிரித்துச் சொல்ல முடியாத பள்ளிக்கூடம் அது.

ஒரு சமயம் இருவரும் சேர்ந்து ஒரு சூரிய கடிகாரம் செய்ய முற்பட்டார்கள். அதற்கு வான சாஸ்திரம் வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் புத்தகத்தைப் பார்த்து, கில்லிங்வொர்த் பூமியில் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்பதற்குத் தக்கபடி நிழற்கோடுகளைக் கணக்கிட்டான். கல்லைச் செதுக்கித் தங்கள் வீட்டு வாசற்கதவுக்கு மேலே பதித்தார்கள். அதில் வெட்டியிருக்கும் தேதி 1816-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11. வீடும் கல்லும் இன்றும் அங்கே இருக்கின்றன.