ஓய்வு நாளுக்குள் நுழையும் அலுவலகம்: உரிமைகள், ஆபத்துகள், தீர்வுகள்

ஓய்வு, முதலாளி மனமிரங்கித் தரும் சலுகை இல்லை, உழைப்பவரின் உரிமை. ஐக்கிய நாடுகள் அவை 1948-இல் வெளியிட்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆவது பிரிவு, ஓய்வும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் எல்லாருக்கும் உரியவை என்கிறது. தொழிலாளர்கள் ஓய்வை முழுமையாகத் துய்க்கும் நிலையை உருவாக்க அரசு முயல வேண்டும் என்பது இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு. இந்தியா 1992-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாக்குகிறது. இவை அனைத்தும் கைகூடும் நாள், குடும்பம் மலைக்கோ கடற்கரைக்கோ கிளம்பும் நாள். கைபேசி வந்த பிறகு அந்த நாளுக்குள் அலுவலகமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

சட்டம் தரும் நேரம்

தமிழ்நாட்டில் கடைகளுக்கும் மென்பொருள் நிறுவனங்கள் உள்ளிட்ட தனியார் அலுவலகங்களுக்கும் 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதன்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகைநேரம் சேர்ந்தாலும் நாளுக்கு 10 மணியையும் வாரத்துக்கு 54 மணியையும் தாண்டக்கூடாது. மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை உண்டு. ஓராண்டு பணி முடித்தவருக்கு ஊதியத்துடன் 12 நாள் விடுப்பு கிடைக்கும். இதுபோக ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு.

1958-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு 5 பண்டிகை நாள்களையும் ஊதிய விடுமுறையாக்குகிறது. அந்நாள்களில் வேலை வாங்கினால் இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். அல்லது ஊதியத்தோடு மாற்று விடுமுறை தர வேண்டும். தொழிற்சாலைகளுக்கு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பொருந்தும். அது 180 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்பு தருகிறது.

மேலாண்மைப் பொறுப்பில் இருப்போருக்குக் கடைகள் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. செயலி வழியாக உணவு கொண்டுதரும் இளைஞர்களுக்குத் தமிழ்நாட்டில் நலவாரியம் உண்டு. ஆனால் வேலை நேர வரம்பு இல்லை.

சட்டம் எட்டாத இடம்

இந்தச் சட்டங்கள் எழுதப்பட்டபோது, அலுவலகக் கதவைப் பூட்டினால் வேலை முடிந்தது. இன்று இரவு பத்து மணிக்கும் வாட்ஸ்அப் குழுவில் வேலை வந்து விழுகிறது. வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்பை மறுக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017 முதல் பேச்சுவார்த்தைக்குரிய பொருளாக்கியது. போர்ச்சுகல் 2021-இல், பணி நேரத்துக்கு வெளியே ஊழியரைத் தொடர்புகொள்ளாதிருப்பதை முதலாளியின் கடமையாக்கியது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் அத்தகைய அழைப்பை மறுப்பது ஊழியரின் உரிமை. இந்தியாவில் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே 2018-இலும் 2025-இலும் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

அதற்காக இந்திய ஊழியர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. விடுமுறை நாளில் மேலதிகாரி சொல்லி ஓர் அறிக்கையைத் தயாரித்து அனுப்பினால், அது ஏற்காட்டு விடுதி அறையில் நடந்தாலும் வேலைதான். கடைகள் சட்டத்தின் கீழ் வருபவர் அதற்கு மிகைநேர ஊதியமோ மாற்று விடுமுறையோ கேட்க நியாயம் உண்டு.

உடலுக்கும் கண்ணுக்கும்

வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு இது.

குழந்தைகளுக்கு வெளிவெளிச்சம் மருந்துக்கு நிகர். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில், முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் செயல்பட வைத்தார்கள். மூன்றாண்டு முடிவில் அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வழக்கம்போல் படித்த குழந்தைகளிடம் அது 39.5 விழுக்காடு. பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் சுரப்பைத் தூண்டி, கண் அளவுக்கு மீறி நீளாமல் தடுப்பதே காரணமாகக் கருதப்படுகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கடற்கரைக்குப் போயும் காருக்குள் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இந்தப் பலன் எதுவும் கிடைக்காது.

சாலையிலும் நீரிலும் காட்டிலும்

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வண்டி ஓட்டுபவர் அலுவலக அழைப்பை எடுப்பது குடும்பத்தையே பணயம் வைப்பது. கைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். அபராதமும் சிறையும் உண்டு.

2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரையிலான செய்திகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று, செல்ஃபி எடுக்கும்போது உலகெங்கும் 259 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. அவர்களில் 159 பேர் இந்தியாவில் இறந்தவர்கள். நீரில் மூழ்கியதே முதன்மைக் காரணம். அருவிக்கரையில் வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்யலாம். தண்ணீர் திடீரென்று கலங்கிச் சருகும் குச்சியும் மிதந்து வந்தால், அந்தக் கணமே கரையேற வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படி வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச்சென்றது. இத்தகைய இடத்தில் பெரியவர் கண் திரையில் இருந்தால் குழந்தையைப் பார்க்க யாரும் இல்லை.

2018 மார்ச் மாதம் குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் உயிரிழந்தனர். அனுமதி இல்லாத பாதையில், வனத்துறை ஒப்புதல் பெற்ற வழிகாட்டி இல்லாமல் நுழையக்கூடாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். காட்டுக்குள் சிக்னல் இருக்காது. போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது உயிர் காக்கும்.

குடும்பம் செய்யக்கூடியது

விடுப்பு விண்ணப்பத்தோடு பொறுப்பு ஒப்படைப்பும் எழுத்தில் போக வேண்டும். நான்கு வரி போதும்: “வெள்ளி மாலை 6 முதல் திங்கள் காலை 9 வரை விடுப்பில் இருப்பேன். நடந்துகொண்டிருக்கும் வேலைகளை இன்னார் கவனிப்பார். கோப்புகள் பொதுக் கோப்புறையில் உள்ளன. உடனடி அவசரம் என்றால் மட்டும் அழைக்கவும்.” எது அவசரம் என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்துவிட்டால், பாதி அழைப்புகள் வராமலே போகும். வேலையைத் தவிர்க்கவே முடியாதவர் ஒரு நேரத்தை ஒதுக்கி, அதைக் குடும்பத்திடம் சொல்லிவிட்டு, முடிந்ததும் கைபேசியை உள்ளே வைக்கலாம். குழந்தைக்கு விதிக்கும் திரைக் கட்டுப்பாடு பெரியவருக்கும் பொருந்தினால்தான் நிற்கும்.

வீட்டு வேலையின் பங்கீடும் இதில் அடங்கும். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளியோதரை கிளறி, பொட்டலம் கட்டி, திரும்பி வந்ததும் பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு அது ஓய்வு நாளாக இருப்பதில்லை. கட்டுச்சோறு கட்டுவதும் கழுவிக் கவிழ்ப்பதும் எல்லார் கையிலும் பிரிய வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு படங்களைப் பகிர்வது நல்லது. குடும்பத்தோடு வெளியூரில் இருப்பதாக அறிவிப்பது, வீடு பூட்டிக்கிடப்பதைத் திருடனுக்குச் சொல்வதாகும்.

யாரிடம் முறையிடுவது

விடுப்பு மறுப்பு, மிகைநேரம் ஆகியவற்றுக்குச் சான்று முக்கியம். செய்தி வந்த தேதி, நேரம், செய்த வேலை ஆகியவற்றைக் குறித்து, திரைப்பிடிப்புகளைச் சேமிக்க வேண்டும். முதலில் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவித்து, பலன் இல்லையென்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100. ஆறு மாதம் பணியாற்றியவரை நியாயமான காரணமின்றி நீக்கக்கூடாது; நீக்கினால் கடைகள் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

போலி விடுதி இணையதளத்தில் பணம் இழந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். விரைவாகச் சொன்னால் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு. பதிவுசெய்த விடுதி சொன்ன வசதியைத் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வேலை நெருக்கடியால் தூக்கமும் நிம்மதியும் போனவர்களுக்கு 14416 என்ற கட்டணமில்லா மனநல எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். விபத்துக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112. இந்த எண்களைப் பயணம் கிளம்பும் முன்பே வீட்டில் எல்லாருடைய கைபேசியிலும் பதிந்து வைக்க வேண்டும்.