ரயில் வரும் முன்னே நாம் செய்ய வேண்டியவை

சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் செல்லும் ரயில் பாதைத் திட்டம் 2008-09 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்றது. மாமல்லபுரத்தார் இன்றும் செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் வந்துதான் ரயில் ஏறுகிறோம்.

பாதை வரும்போது நிலமும் எடுப்பார்கள். சிறப்பு ரயில்வே திட்டம் என அறிவித்து நிலம் எடுத்தால், ரயில்வே சட்டம் 20டி பிரிவின்படி, அறிவிக்கை வெளியான 30 நாட்களுக்குள் உரிமையுள்ளவர் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். அதிகாரி விசாரித்தாக வேண்டும். வக்ஃபு நிலம், மையவாடி எனில் முத்தவல்லி சர்வே எண்ணுடன் மனுச் செய்ய வேண்டும். கெடு தாண்டினால் பேச மிஞ்சுவது இழப்பீடு மட்டுமே.

நிலையம் எங்கே அமைவது என்பதற்கு அந்தப் பிரிவு உதவாது. கல்லூரிக்கும் வேலைக்கும் செல்வோரை ஜமாஅத் கணக்கெடுத்து, தெற்கு ரயில்வேக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மனுக் கொடுக்க வேண்டும்.

பட்டா, வக்ஃபு பத்திரங்களை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.