கோப்பினுள் காலி மனைகள்

ஓசூர் என்றதும் சிப்காட் தொழிற்பேட்டைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1971-இல் தோன்றிய சிப்காட், நிலத்தை மனைகளாக்கித் தொழில் முனைவோருக்கு ஒதுக்கும் அரசு நிறுவனம். அங்கே ஒரு தொழிற்சாலை தன் திட்ட வரைபடத்தில் நூறு மனைகளுக்கு எண்ணிட்டுவிட்டு, கட்டடம் எழும்பும்போது மட்டும் நிலம் பெறுவதாகக் கொள்வோம். எண்கள் நூறு, கைவசமுள்ள நிலமோ பத்து மனைதான். கணிப்பொறியில் சில கோப்புகளும் இவ்வாறே அமைகின்றன.

இடைவெளிக் கோப்பு

வட்டில் இடம் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட தொகுதிகளாக ஒதுக்கப்படுகிறது. 1 ஜிகாபைட் கோப்புக்கு 2,62,144 தொகுதிகள் வேண்டும். ஆனால் எழுதப்படாத பகுதிக்குத் தொகுதி ஒதுக்காமலே விட்டுவிடலாம். அப்பகுதியைப் படித்தால் இயக்க முறைமை பூஜ்யங்களையே தரும். இவ்வசதி யூனிக்ஸில் 1970-களிலேயே இருந்தது. ‘எல்.எஸ்.’ கட்டளை கோப்பின் நீளத்தையும், ‘டி.யூ.’ கட்டளை அது உண்மையில் கொண்ட இடத்தையும் காட்டும்.

பூஜ்யமாக்கும் மூன்று வழிகள்

எழுதிய பகுதி பின்னர் வேண்டாததானால் என் செய்வது? முதல் வழி, பூஜ்யங்களையே எழுதுவது. கட்டடத்தைக் காலி செய்தாலும் நிலம் நம்மிடமே இருக்கும், நேரமும் செலவாகும்.

இரண்டாவது, நிலத்தைத் திருப்பித் தருவது. லினக்ஸில் 2011-இல் (பதிப்பு 2.6.38) ‘ஃபாலோகேட்’ அழைப்புக்கு ‘பஞ்ச் ஹோல்’ என்னும் வசதி சேர்ந்தது. முழுத் தொகுதிகள் விடுவிக்கப்படும். ஓரங்களில் உள்ள அரைகுறைத் தொகுதிகளில் மட்டும் பூஜ்யம் நிரப்பப்படும். கோப்பின் நீளம் மாறாது. விண்டோஸ் 2000-லும், இடைவெளிக் கோப்பு எனக் குறிக்கப்பட்ட கோப்புக்கு இதற்கிணையான அழைப்பு உண்டு.

மூன்றாவது, 2014-இல் (பதிப்பு 3.15) வந்த ‘ஜீரோ ரேஞ்ச்’. நிலத்தை வைத்துக்கொண்டு ‘காலி’ என்று பலகை மாட்டுவது போன்றது இது.

எதை எப்போது?

மெய்நிகர்க் கணிப்பொறிகளின் வட்டு, பெரும்பாலும் ஒரே பெரிய கோப்புதான். உள்ளே அழித்தவற்றின் இடத்தை வெளியே மீட்க இரண்டாவது வழி உதவும். ஆனால் திருப்பித் தந்த நிலத்தைப் பிறர் பெற்றுவிடலாம். மீண்டும் எழுத வரும்போது ‘இடமில்லை’ என்ற பதில் வரக்கூடும். கணக்கு வழக்குகளைக் காக்கும் தரவுத்தளம் நடுவில் நின்றுவிடக் கூடாது. அதற்கு மூன்றாவது வழியே ஏற்றது.

எச்சரிக்கைகள்

தொடக்க எண்ணைத் தவறாகக் கொடுத்தால் நல்ல தரவும் பூஜ்யமாகும். அதை மீளப் பெற வேறொரு நகல் இருந்தாக வேண்டும். பென் டிரைவ்களில் வழங்கும் ஃபேட் முறைக்கு இடைவெளி தெரியாது. அதில் நகலெடுத்தால் கோப்பு முழு அளவுக்குப் பெருக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: திருப்பித் தந்த நிலத்தில் பழைய சுவர்கள் நின்றுகொண்டிருக்கலாம். கோப்பு வழியே படித்தால் பூஜ்யம்தான். ஆயினும் வேறொன்று எழுதப்படும்வரை வட்டில் பழைய தரவு எஞ்சியிருக்கக்கூடும். எனவே இரகசியத்தை அழிக்க இவ்வழியை நம்பலாகாது.

ஓசூர் எல்லையைத் தாண்டிப் பெங்களூரின் கணிப்பொறி நிறுவனங்களுக்குச் செல்லவிருக்கும் நம் மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். படிப்பவனுக்கு எல்லாப் பூஜ்யமும் ஒன்றே, வட்டுக்கு அப்படியன்று.