குளிர்காலத்தில் முடிந்துவிடும் போட்டி

நெவாடா, யூட்டா, ஐடஹோ, ஒரேகான் என அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பரந்து கிடக்கிறது கிரேட் பேசின் மேய்ச்சல் நிலம். ஜனவரி மாதத்தில் அங்கே போனால் சேஜ் புதர்களும் பனியும்தான் கண்ணில் படும். எதுவும் வளர்வதாகத் தெரியாது. மண்ணுக்கு அடியில் மட்டும் ஒரு புல்லின் வேர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

அந்தப் புல்லின் பெயர் சீட்கிராஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானிய விதைகளோடு கலந்து யூரேசியாவிலிருந்து வந்த ஓராண்டுச் செடி. பூர்விகப் புல்லான புளூபஞ்ச் கோதுமைப்புல்லோ பல்லாண்டு வாழ்வது. வளர்ந்த தூரை அசைப்பது கடினம். நாற்றுப் பருவத்தில்தான் அது தோற்கிறது.

1960களில் கிரான்ட் ஹாரிஸ் என்ற ஆய்வாளர் இரண்டின் வேர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மண்ணின் வெப்பம் 3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கினாலும் சீட்கிராஸ் வேர் நீண்டது. பூர்விகப் புல்லின் வேருக்குச் சுமார் 8 டிகிரியாவது வேண்டியிருந்தது. ஐந்தே டிகிரி வித்தியாசம், ஆனால் அது மாதக்கணக்கில் நீடிக்கிறது. செடிகளின் வளர்ச்சியைக் கணக்கிட, ஒரு குறிப்பிட்ட அடிப்படை வெப்பத்துக்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு டிகிரியையும் நாள்தோறும் கூட்டிக்கொண்டே போவார்கள். நாள்கூலியைச் சேர்த்துவைப்பது போலத்தான். மண் 5 டிகிரியில் இருக்கும் நாளில் ஒரு புல்லுக்குக் கூலி உண்டு, மற்றதற்கு இல்லை.

வசந்தத்தில் பனி உருகி மண் சூடேறும்போது பூர்விக நாற்றும் வளரத்தான் செய்கிறது. அதற்குள் சீட்கிராஸ் வேர்கள் ஆழத்துக்குப் போய் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கியிருக்கும். கோடையில் மழை அரிதான அந்த நிலத்தில், உருகிய பனியின் ஈரம்தான் முதலீடு. ஆக, கோடையில் காய்ந்து சாகும் நாற்றின் கதி குளிர்காலத்திலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

விதைக்குள்ளும் வெப்பக் கணக்கு இருக்கிறது. புதிதாக உதிர்ந்த சீட்கிராஸ் விதை சூடான மண்ணில் எளிதில் முளைக்காது. அதனால் கோடையில் தப்பித்தவறிப் பெய்யும் தூறலுக்கு அது ஏமாறுவதில்லை. உலர்ந்த வெயிலில் வாரக்கணக்கில் கிடந்து உறக்கம் கலைந்த பிறகு, இலையுதிர்கால மழையில் சட்டென்று முளைக்கும். மூளையே இல்லாத ஒன்றுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான சாமர்த்தியம்தான்.

கோடைத் தொடக்கத்திலேயே சீட்கிராஸ் காய்ந்து சருகாகிறது. தீப்பிடித்தால் புதர்களுக்கு இடையிலிருந்த வெற்று இடங்களையும் தாண்டி நெருப்பு ஓடுகிறது. சேஜ் புதர் மீண்டும் தழைக்குமுன் அடுத்த தீ வந்துவிடுகிறது. அப்புறம் எஞ்சுவது சீட்கிராஸ் காடு.

அப்படியானால் குளிரில் முளைக்கும் பூர்விக விதையைத் தூவினால் போதாதா? விஷயம் அத்தனை எளிதல்ல. இலையுதிர்காலத்தில் விதைத்த பூர்விக விதைகளில் பெரும்பாலானவை முளைத்துவிடுகின்றன. மண்ணைத் துளைத்து மேலே வருவதற்குள் மடிபவைதான் அதிகம். முளைத்த பின் வரும் உறைபனியும் மேல்மண் இறுகுவதும் அதற்குக் காரணங்கள். ஆகவே ஆய்வாளர்கள் இரண்டு வழிகளில் முயல்கிறார்கள்: சீட்கிராஸோடு ஓரளவு ஈடுகொடுக்கும் அணில்வால் புல் போன்ற பூர்விக இனங்களை விதைப்பது ஒன்று. விதைமேல் பூச்சுப் பூசி, உறைபனி கழியும்வரை முளைப்பைத் தள்ளிப்போடுவது மற்றொன்று.