மலையில் கரையும் மண், தராசில் குறையும் கொழுந்து

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் பொல்பிட்டியப் பக்கம் ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. கனமழைக்குப் பிறகு அந்தத் தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறத்தில் ஓடும். மேலேயுள்ள தேயிலை மலைகளின் மேல்மண் அதில் கரைந்து வருகிறது. கொஞ்சம் காசல்ரீ, மவுசாக்கலை, லக்சபான நீர்த்தேக்கங்களில் வண்டலாகப் படிகிறது. 1969இல் தொடங்கிய பொல்பிட்டிய மின்நிலையத்துக்குத் தண்ணீர் லக்சபானவிலிருந்துதான் வருகிறது. மிச்ச மண் கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலை வரை போகிறது.

ஆனால் முதல் நட்டம் கொழுந்து எடுக்கிறவருக்கு. மேல்மண்ணில்தான் இலைமக்கு இருக்கிறது. ஈரத்தையும் உரத்தையும் பிடித்து வைப்பது அதுதான். அந்த மேல்மண் போன மலையில் போட்ட உரம் அடுத்த மழையோடு கானில் ஓடிவிடும். கொழுந்து மெலியும், தராசில் கிலோ குறையும். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். மண்ணின் பலவீனம் இப்படித்தான் சம்பளத்திலும் அடுப்படியிலும் தெரிகிறது. 2016ஆம் ஆண்டின் நாடளாவிய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17 வீதம். தோட்டப் பகுதியில் ஏறக்குறைய 32 வீதம். இதற்கு மண் மட்டும் காரணமல்ல. ஆனால் வருமானம் குறைந்த வீட்டில் முதலில் குறைவது முட்டையும் பருப்பும்தான்.

போட்ட உரமும் மழையோடு ஓடிவிடுகிறது என்றால், இரசாயன உரம்தான் எதிரியா? 2021இல் அரசாங்கம் அப்படி நினைத்து ஒரே அடியாக உர இறக்குமதியைத் தடைசெய்தது. அந்த ஆண்டு முடியுமுன்னே பின்வாங்கியது. ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடிக்கு இறங்கியது. இலைமக்கு இல்லாத மண்ணில் உரத்தை மட்டும் நிறுத்தினால் செடி எதைத் தின்னும்? மண்ணைத் தேற்றப் பல வருடம் வேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன், குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ ஒன்றரை, இரண்டு வருடம் வளர்த்து மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பது அதற்காகத்தான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பேசுகிறவர்கள் குறைவு. கவ்வாத்து வெட்டியதும் விழும் இலையும் குச்சியும் மலையிலேயே கிடந்தால் மழையின் அடியைத் தாங்கும், மக்கி உரமாகும். ஆனால் லயத்து அடுப்புக்கு விறகு அந்த மிலாறுதான். கேஸ் வாங்க வசதியில்லாத வீட்டுக்காரரிடம் "மண்ணுக்கு விட்டுவிடுங்கள்" என்று சொல்வது சுலபம். நல்ல வேளையாக, சத்து அதிகம் இருப்பது இலையிலும் நுனிக்குச்சியிலும். தடித்த மிலாறில் அல்ல.

ஆகவே மிலாறு கட்டும்போது இலையை அங்கேயே உதறிவிட்டு, தடித்ததை மட்டும் கொண்டுவாருங்கள். களை எடுக்கிறபோது சுரண்டியால் மண்ணை வழிக்காமல், புல்லை வெட்டி அந்த இடத்திலேயே போடுங்கள். தோட்ட நிர்வாகங்கள் செய்யவேண்டியது இன்னும் பெரியது: கான்களை மழைக்கு முன்னே துப்புரவு செய்வதும், மண்ணைக் காக்கும் வேலைக்கும் கொழுந்துக்குத் தருவதுபோல முழுப்பேர் போடுவதும்.