மலிவான துப்பாக்கியும் மலிவான மோட்டரும்

துப்பாக்கிக்கும் வியாபாரப் பத்திக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். அதிலும் எமது நாட்டில் 1916ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. உண்மைதான். துப்பாக்கி வாங்குமாறு நான் எவருக்கும் சொல்லவில்லை. ஆனால் முப்பது வருடங்களாகக் கடை நடத்தியும் எனக்குச் சரியாக விளங்காதிருந்த ஒரு விடயம், ஒரு துப்பாக்கியைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மலிவான பொருளை எப்படி எடைபோடுவது என்பதே அந்த விடயம்.

2022 நவம்பரில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் சகோதரியின் மகனிடம் சென்றிருந்தேன். அங்கு நவம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை மான் வேட்டைக் காலம் ஆரம்பமாகிறது. அந்நாட்டுப் பிரஜையான மருமகன் தனக்கொரு வேட்டைத் துப்பாக்கி வாங்க விரும்பினார். "மாமா, நீங்களும் வாங்க. நீங்க யாவாரி, சாமானப் பார்த்தா தரம் தெரியும்தானே" என்று என்னையும் அழைத்துச் சென்றார். விசாவில் செல்லும் வெளிநாட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதை அந்நாட்டுச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. ஆகவே நான் எதையும் தொடவில்லை. குறிப்புப் புத்தகத்துடன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையின் சுவரில் 1500 டொலருக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் வரிசையாக இருந்தன. அவற்றின் ஓரத்தில் 500 டொலருக்குச் சற்றுக் குறைவான விலையில் ஒன்று, ரூகர் நிறுவனத்தின் 'அமெரிக்கன்' என்ற மாதிரி. இரண்டு வகையும் சுடுவது ஒரே .308 வின்செஸ்டர் ரவையைத்தான். மூன்றில் ஒரு பங்கு விலை என்றால் தரமும் மூன்றில் ஒரு பங்குதான் என்று என் வியாபாரப் புத்தி உடனே கணக்குப் போட்டது.

கடைக்காரர் வயதானவர். அவர் பொருளைப் புகழவில்லை. "இதில் எங்கே பணத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், காட்டுகிறேன்" என்றார். முப்பது வருடத்தில் நான் எந்த வாடிக்கையாளருக்கும் சொல்லாத வார்த்தை அது.

இவ்வகைத் துப்பாக்கியை 'போல்ட் அக்ஷன்' என்பார்கள். எமது வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போன்றதுதான். பிடியை உயர்த்திப் பின்னால் இழுத்தால் வெற்று ரவைக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி இறக்கினால் அடுத்த ரவை உள்ளே சென்று பூட்டிக்கொள்ளும். ஜேர்மனியின் 1898ஆம் ஆண்டு மவுசர் துப்பாக்கிதான் இன்றுள்ள பலவற்றுக்கும் முன்னோடி.

முதலாவது மிச்சம், குழலைப் பொருத்தும் விதத்தில். ரவை உட்காரும் இடத்தின் அளவு மயிரிழையும் பிசகக் கூடாது. பழைய முறையில் தேர்ந்த தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு குழலையும் பார்த்துப் பார்த்துப் பொருத்துவார். சவேஜ் நிறுவனம் 1958இல் கொண்டுவந்த 110 என்ற மாதிரியில் ஓர் எளிய வழி இருந்தது. அளவுகோலை உள்ளே வைத்து, அது முட்டும் வரை குழலைத் திருகி, ஒரு பெரிய நட்டினால் இறுக்கிவிடுவார்கள். கூலி குறைந்தது, துல்லியம் குறையவில்லை. 1988இல் வங்குரோத்து நிலைக்குச் சென்ற அந்த நிறுவனம், மற்ற மாதிரிகளை ஒதுக்கி இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மீண்டெழுந்தது. 2011இன் இறுதியில் 449 டொலர் என விலை குறித்து அறிமுகமான ரூகர் அமெரிக்கனிலும் இதே நட்டு முறைதான்.

இரண்டாவது மிச்சம், தோளில் வைக்கும் கட்டையில். வாதுமை மரத்தைச் செதுக்குவதற்குப் பதிலாக அச்சில் வார்த்த பிளாஸ்டிக். மூன்றாவது, ரவைகளை இடும் பெட்டி. அதுவும் பிளாஸ்டிக். ஆனால் குழலில் கை வைக்கவில்லை. உருக்கைச் சுத்தியல் இயந்திரங்களால் அடித்து உருவாக்கிய நல்ல குழல் அது. விசையின் இழுவையையும் 3 முதல் 5 இறாத்தல் வரை பாவனையாளரே மாற்றிக்கொள்ளலாம்.

மருமகன் அரசாங்கப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, பொருளை வாங்கினார். மறுநாள் சுடுபயிற்சித் திடலுக்குச் சென்றோம். 100 யார் தூரத்தில் கடதாசி இலக்கை வைத்து, மூன்று மூன்று ரவைகளாக மூன்று தடவை சுட்டார். ஒவ்வொரு தடவையும் குழலை ஆறவிட்டார். முதல் தடவை மூன்று துளைகளும் ஓர் அங்குலத்துக்குள் விழுந்தன. அடுத்தது ஒன்றேகால் அங்குலம், கடைசி ஒன்றரை அங்குலம். விற்பவர் முதல் கடதாசியைத்தான் காட்டுவார். வாங்குபவர் கடைசிக் கடதாசியை வைத்தே மதிப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தாலும் 200 யாரில் மூன்று அங்குலம்தான் வரும். மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறத்தாழ எட்டு அங்குலம். சுடுபவரின் கை சரியாக இருந்தால், பிராணி காயத்துடன் ஓடி வதைபடாமல் இருக்க இது போதும்.

குறையும் கண்டோம். குழலுக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு தாளை நுழைத்து இழுத்துப் பார்த்தார். தடையின்றி ஓடியது. கட்டையின் முன்பகுதியைக் கையால் அழுத்திக்கொண்டு இழுத்தபோது தாள் சிக்கியது. பிளாஸ்டிக் வளைந்து குழலில் முட்டுகிறது, முட்டினால் குறி மாறும். முன்நுனியை முட்டுக் கொடுக்காமல் ரவைப்பெட்டிக்கு அருகில் தாங்கிச் சுட வேண்டும் என்று கடைக்காரர் முன்பே எச்சரித்திருந்தார். தாழ்ப்பாளும் புதிதில் சற்றுக் கரகரவென்றிருந்தது. இன்னொன்றையும் சொன்னார். துப்பாக்கியில் மிச்சம் பிடித்தவர்கள் அதன் மேல் மட்டமான தொலைநோக்கியைப் பூட்டிவிட்டு, துப்பாக்கி சரியில்லை என்று திரும்பி வருகிறார்களாம்.

இதற்கு எதிரான கதையும் உண்டு. வின்செஸ்டர் நிறுவனம் 1936இல் வெளியிட்ட 70ஆம் இலக்க மாதிரி பெரும் புகழ் பெற்றது. கூலி ஏறியதும் 1964இல் செலவைக் குறைத்தார்கள். கையால் வெட்டிய பிடி அலங்காரம் போய் அழுத்திப் பதித்தது வந்தது. ரவையைக் கவ்விப் பிடிக்கும் மவுசர் பாணிக் கொக்கியையும் நீக்கினார்கள். வாங்குபவர் எதற்காக அந்தப் பெயரைத் தேடி வந்தாரோ, அதிலேயே வெட்டு விழுந்தது. பழைய துப்பாக்கிச் சந்தையில் "1964க்கு முந்தியதா?" என்று இன்றும் கேட்கிறார்கள், முந்தியதென்றால் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அந்நிறுவனப் பெயரில் துப்பாக்கிகள் செய்த நியூ ஹேவன் தொழிற்சாலை 2006இல் மூடப்பட்டது. அந்த ஒரு காரணத்தால்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் போன பெயர் முழுதாகத் திரும்பவில்லை.

இதை எழுதும்போது என் கணக்கையும் எழுதத்தான் வேண்டும். 2011இல் நான் புத்தளத்துக் கடையில் மலிவான தண்ணீர் மோட்டர்கள் விற்றேன். உள்ளே செப்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியக் கம்பி. அதே பருமனில் அலுமினியம் சுற்றினால் மோட்டர் அதிகம் சூடாகும். கொண்டுவந்து தந்தவர் இதை என்னிடம் சொல்லித்தான் தந்தார். நான்தான் யாரிடமும் சொல்லவில்லை. கற்பிட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் வெங்காயப் பயிருக்கு வாங்கிச் சென்றார். கடும் வெயிலில் நாள் முழுக்க ஓடி மோட்டர் எரிந்தது. வேறு மோட்டர் தேடி எடுப்பதற்குள் பயிர் வாடிவிட்டது. எரிந்ததைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "சொல்லியிருந்தா மத்ததத்தானே எடுத்திருப்பேன், முதலாளி" என்றார். அவர் சத்தம் போடவில்லை. மோட்டருக்குரிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வெங்காயத்துக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை.

பிளாஸ்டிக் கட்டை கண்ணுக்குத் தெரியும் குறை. வாங்குபவர் பார்த்து, ஒப்புக்கொண்டு, விலை குறைத்து வாங்குகிறார். அது வியாபாரம். உள்ளே சுற்றிய கம்பி கண்ணுக்குத் தெரியாத குறை. அறிந்தவர் வாய் திறக்காவிட்டால் அது வியாபாரமல்ல. குறையை மறைத்து விற்பது எமது மார்க்கத்தில் ஆகாது என்று சிறுவயதிலேயே ஓதிப் படித்தவன்தான் நானும்.

ஆகவே சகோதர வியாபாரிகளே, மலிவுப் பொருளை ஒதுக்காதீர்கள். குறைந்த வருமானமுள்ளவருக்கும் பொருள் வேண்டும். கொள்வனவு செய்யும்போது, எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்று கேளுங்கள். கூலியிலும் அலங்காரத்திலும் என்றால் தைரியமாக எடுங்கள். பொருள் செய்ய வேண்டிய வேலையிலேயே வெட்டு விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். எதுவாயினும் விற்கும்போது வாய் திறந்து சொல்லுங்கள்.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு நான் பற்றுச்சீட்டிலேயே 'அலுமினியக் கம்பி' அல்லது 'செப்புக் கம்பி' என்று எழுதிக் கொடுக்கிறேன். சிலர் தெரிந்தே மலிவானதை எடுக்கிறார்கள், வீட்டுக் கிணற்றுக்கு அது போதும். அந்தக் கற்பிட்டி விவசாயி மட்டும் இன்றுவரை என் கடைப்பக்கம் வரவில்லை.