கொழும்பு நீர்வழிகளும் வாரவிறுதிப் படகுப் பயணமும்

ஒரு நகரத்து மக்கள் தம் ஓய்வு நாளை எவ்வாறு கழிக்கின்றனர் என்பது அற்பச் செய்தி போலத் தோன்றும். ஆயினும், ஓய்வுப் பழக்கம் ஒன்று தோன்றி வளர்ந்து தேய்ந்த வரலாற்றை ஆராயுமிடத்து, அந்நகரத்தின் வாணிகமும் போக்குவரத்தும் ஆட்சி முறையும் அதனுள் அடங்கிக் கிடத்தல் புலனாகும். கொழும்பைச் சூழ்ந்த வாவிகளிலும் கால்வாய்களிலும் வாரவிறுதி நாட்களில் மோட்டார்ப் படகேறி உலாவும் வழக்கம் அத்தகையதொன்று. இன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழ்வோர் கால்வாய்ப் பாலங்களை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அக்கால்வாயிற் படகேறினால் எவ்வூரை அடையலாம் என்று வினவின், விடை கூற வல்லார் மிகச் சிலரே. இவ்வழக்கம் அருகியது எதனால், அதனால் நகரம் இழந்தது யாது என்னும் இரண்டும் ஈண்டு ஆராயத்தக்கன.

கொழும்பு, களனி கங்கையின் வெள்ளச் சமவெளியில் அமைந்த நகரம். கங்கைக்கும் கடலுக்கும் இடையே சதுப்பு நிலங்களும் வாவிகளும் தொடர்ந்து கிடத்தலின், அவற்றை இணைத்து நீர்வழி அமைத்தல் இயல்பாயிற்று. கோட்டை இராசதானிக் காலத்திலேயே நீர்கொழும்பு நோக்கிக் கால்வாய் வெட்டப்பட்டது என்பது வழிவழி வந்த செய்தி. போர்த்துக்கேயர் தம் கோட்டைக்கு அரணாக நீரைத் தேக்கியமையே பேரை வாவியின் தொடக்கமாகும். அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தர், தம் தாய்நாட்டிற் பெற்ற பட்டறிவைக் கொண்டு, வடக்கே நீர்கொழும்பு, புத்தளம் வரையிலும் தெற்கே பொல்கொடை வாவி ஊடாகக் களுகங்கை வரையிலும் நீர்வழிகளைத் தொடுத்தனர். ஆங்கிலேயர் 1802ஆம் ஆண்டிற் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாய், களனி கங்கையிலிருந்து நீர்கொழும்புக் களப்பின் தென்முனை வரை 14.5 கிலோமீற்றர் நீளமுடையது. முத்துராஜவெலச் சதுப்பிற் புகுந்த உவர்நீரை வடித்தலே அதனை வெட்டியதன் நோக்கமாயினும், நாளடைவில் அது பண்டம் ஏற்றிச் செல்லும் பெருவழியாகவும் பயன்பட்டது.

நகரினுள்ளே, கொட்டாஞ்சேனைக்கு அணித்தாய்க் கிராண்ட்பாஸ் ஊடாகச் செல்லும் சென் செபஸ்தியன் கால்வாய் பேரை வாவியைக் களனி கங்கையோடு இணைத்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆளுநர் மக்கலம் அவர்களின் பெயர் தாங்கிய மதகு வழியாக வாவி துறைமுகத்தோடும் இணைக்கப்பட்டது. இத்தகைய மதகுகள் இரட்டைக் கதவுடையன. படகு உட்புகுந்ததும் பின்கதவை மூடி, முன்கதவின் வழியே நீரை மெல்ல விடுத்து, இருபுறத்து மட்டத்தையும் சமன்செய்து படகை ஏற்றுவர் அல்லது இறக்குவர். வாவிக்கரைப் பண்டசாலைகளிலிருந்து தேயிலைப் பெட்டிகள் பாரப்படகுகளில் ஏறிக் கப்பலை அடைந்தது இவ்வழியாகவேயாம்.

ஈண்டு ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். கால்வாய் ஒருமுறை வெட்டப்பட்டால் என்றும் நிலைத்திருப்பதன்று. அதன் அடியில் வண்டல் படியும், கரை சரியும், செடி கொடிகள் அடரும். அவற்றை ஓயாது அகற்றுவோர் இருந்தாலன்றி, சில ஆண்டுகளுள் அது சேற்று மடுவாகிவிடும். ஓலைக் கூரை வேய்ந்த தட்டையடிப் பாரப்படகுகள் தேங்காய், கொப்பரை, உப்பு, விறகு, ஓடு முதலியவற்றை ஏற்றிச் சென்ற காலத்தில், வழி அடைபட்டால் வாணிகமும் உடன் அடைபட்டது. ஆதலின் வழியைத் திறந்து வைத்தல் அரசின் கடமையாயிற்று. கிராண்ட்பாஸில் களனி கங்கைக்குக் குறுக்கே 1895ஆம் ஆண்டு விக்டோரியா இரும்புப் பாலம் அமையுமுன்னர், படகுகளை வரிசையாகப் பிணித்து அமைத்த மிதவைப் பாலமே இருந்தது. ஆற்றில் வருவோர்க்காக அதன் ஒரு பகுதியைக் குறித்த நேரங்களில் விலக்கி வழிவிடுவது வழக்கமாயிருந்தது. தரைவழி நீர்வழிக்கு ஒதுங்கி நின்ற காலம் அது.

உல்லாசப் படகு இவ்வாறு பேணப்பட்ட வழியிலேயே வந்து சேர்ந்தது. பேரை வாவியிற் கொழும்புத் துடுப்புப் படகுக் கழகம் 1864ஆம் ஆண்டு தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டிற் சிறு மோட்டார் இயந்திரங்கள் வந்த பின்னர், துடுப்புப் பயிற்சியில்லாதாரும் குடும்பத்தோடு நெடுந்தூரம் செல்லுதல் எளிதாயிற்று. சனிக்கிழமை நண்பகலோடு அலுவலகம் மூடும் வழக்கம் அதற்கு வாய்ப்பளித்தது. கொழும்புக்குத் தெற்கே மொறட்டுவையை அடுத்த பொல்கொடை வாவி இவ்வகை உலாவிற்குச் சிறந்த களமாக விளங்கியது. அதன் கரையில் அமைந்த இலங்கை மோட்டார் யாட் கழகத்தின் பெயரிலேயே மோட்டார் என்னும் சொல் இடம்பெற்றிருத்தல், ஒரு காலத்து விருப்பம் எதன்பாற் சென்றது என்பதைக் காட்டும். இன்று அக்கழகம் பாய்மரப் படகுப் போட்டிகளுக்கே பெயர் பெற்றுள்ளது. பெயர் நிற்க, பொருள் மாறிவிட்டது.

இம்மாற்றத்திற்குக் காரணங்கள் பலவாம். முதலாவது, நீர்வழி வாணிகத்தின் வீழ்ச்சி. புகையிரதப் பாதை 1877இற் பாணந்துறையை எட்டியது. வடக்கே 1909இல் நீர்கொழும்பையும், 1916இற் சிலாபத்தையும், 1926இற் புத்தளத்தையும் அடைந்தது. ஒல்லாந்தர் கால்வாய் சென்ற திசையிலேயே இருப்புப் பாதையும் சென்றது. பின்னர் லொறி வண்டிகள் பெருகின. பாரப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒழிந்தன. அவை ஒழியவே, மதகுகளைத் திறப்போரும் வண்டலை அள்ளுவோரும் வேண்டாதவராயினர்.

இரண்டாவது காரணம் நீர்க்களைகள். ஆகாயத்தாமரை எனவும் ஆற்றுவாழை எனவும் வழங்கும் செடி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, விரைந்து பரவியமையால், அதனை ஒழிக்க 1909ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 1939ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த சல்வீனியா என்னும் மிதவைக் களை அதனினும் கொடியதாயிற்று. துடுப்புப் படகு இக்களைகளை விலக்கிக் கொண்டு ஒருவாறு செல்லும். மோட்டார்ப் படகின் நிலை வேறு. களைத்தண்டு சுழல்விசிறியிற் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தைக் குளிர்விக்க நீரை உறிஞ்சும் துளையை அடைக்கும். சிறிது நேரத்தில் இயந்திரம் கொதித்து நின்றுவிடும். இவற்றோடு வீடுகளின் கழிவுநீரும் குப்பையும் சேர்ந்தபோது, காற்று வாங்கச் சென்றோர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பும் நிலை ஏற்பட்டது.

மூன்றாவது, நாட்டின் பொருளாதாரமும் அரசியலும் கொணர்ந்த இடர்கள். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட, இயந்திரமும் உதிரிப் பாகங்களும் அரியவாயின. 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டுப் பௌர்ணமி முதலிய போயா நாட்களே வாராந்த ஓய்வு நாட்களாயினமையால், வாரவிறுதி என்னும் கருத்தே நிலைபெயர்ந்தது. 1973இல் உலகெங்கும் எண்ணெய் விலை பன்மடங்காய் ஏறியது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் தலைநகரின் நீர்நிலைகள் பல பாதுகாப்புக் கண்காணிப்புக்கு உட்பட்டன. சோதனைச் சாவடிகளுக்கு இடையே வாழ்ந்த தமிழ் மக்களுக்குக் கால்வாயில் உலாவுதல் கனவிலும் எண்ணத்தகாத செயலாயிற்று. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்று பங்கீட்டு முறையிற் பெறவேண்டிய நிலை வந்தபோது, உல்லாசப் படகைப் பற்றிப் பேசுவதும் பொருந்தாததாயிற்று.

எனினும் இக்காரணங்கள் யாவும் கூடியும் முழு விளக்கம் தாரா. இரயிலும் லொறியும் இங்கிலாந்திலும் கால்வாய் வாணிகத்தை அழித்தன. ஆயினும் அங்கே உல்லாசப் படகுகள் பெருகின. இவ்வேறுபாடு எதனால் வந்தது? இங்கிலாந்தில் 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றி, வாணிகம் ஒழிந்த கால்வாய்களைக் காக்கப் போராடியது. அதன் பயனாக 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் கால்வாய்களை வாணிகத்துக்குரியன, உலாவுக்குரியன, எஞ்சியன என மூவகையாகப் பகுத்து, உலாவுக்குரியனவற்றைப் படகு செல்லத்தக்க நிலையில் வைத்திருத்தலைப் பொது நிறுவனத்தின் கடமையாக்கியது. அதே 1968ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட 15ஆம் இலக்கச் சட்டமோ, கொழும்பு மாவட்டத்துத் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென ஒரு சபையை நிறுவியது. வளரும் நகருக்கு வீட்டு நிலம் வேண்டியிருந்தமையால் அச்சட்டத்தைக் குறை கூறுதற்கில்லை. ஆயின் ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு சட்டங்களும் நீரை இரு வேறு கண்களால் நோக்கின. ஒன்று அதனை வழியாகக் கண்டது. மற்றொன்று வடிகாலாகவும், நிரப்பப்பட வேண்டிய நிலமாகவும் கண்டது. வழியெனக் கருதப்படாத நீரின்மேல், படகு செல்ல இயலாத தாழ்ந்த பாலங்களை அமைத்தற்குத் தடை ஏதும் இருக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. ஏறத்தாழ 420 கிலோமீற்றர் நீண்ட பக்கிங்காம் கால்வாய் வழியே சென்னை மக்கள் படகேறி மாமல்லபுரம் சென்ற காலம் இருந்தது. 1960களின் நடுவில் வீசிய புயல்கள் அதனைச் சிதைத்தன. பின்னர் 1990களில் நகரினுள் அக்கால்வாயின் நடுவிலேயே பறக்கும் இரயிற்பாதையின் தூண்கள் எழுந்தன. கேரளத்து ஆலப்புழையிலோ, நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் வேலையற்றுக் கிடந்தபோது, அவற்றையே தங்கும் படகுகளாக மாற்றினர். அங்கும் படகுப் பெருக்கத்தால் மாசு முதலிய கேடுகள் விளைந்தன எனினும், வழி அழியவில்லை.

உல்லாசப் படகு செல்வர்க்குரிய பொழுதுபோக்கன்றோ, அது மறைந்தால் ஏழை மக்களுக்கு வரும் இழப்பு என்ன என ஒரு சாரார் வினவலாம். வினா நியாயமானதே. ஆயின் படகு செல்லும் நீரை எவரேனும் நாள்தோறும் காண்பர். கண்டவர் அடைப்பை முறையிடுவர். படகு செல்லாத கால்வாயின் அடைப்பை வெள்ளமே முதலில் அறிவிக்கும். 2010ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து மழையிற் கொழும்பின் பல பகுதிகளோடு நாடாளுமன்ற வளாகமும் நீரில் அமிழ்ந்தது. அதன் பின்னர் 2012இல், உலக வங்கியின் 21.3 கோடி டொலர் கடனுதவியோடு, வெள்ளத்தைக் கட்டுப்படுத்தலை முதன்மையாகக் கொண்ட மாநகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கிற்று. கால்வாய்க் கரையில் நெருங்கி வாழ்வோர் பெரும்பாலும் வறியவர். வெள்ளம் முதலிற் புகுவதும், திட்டம் வரும்போது இடம்பெயருமாறு பணிக்கப்படுவதும் அவர்தம் குடில்களே. ஆகவே, நீர்வழியின் வீழ்ச்சி செல்வர்க்கு ஓர் இன்பத்தையே இழக்கச் செய்தது. வறியவர்க்கோ பாதுகாப்பையே இழக்கச் செய்தது.

மீட்சிக்கான அறிகுறிகள் முற்றும் இல்லையெனல் ஆகாது. 2018இற் கொழும்பு, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது. போர் முடிந்த பின்னர் வெள்ளவத்தைக்கும் பத்தரமுல்லைக்கும் இடையே கால்வாய் வழியே பயணிகள் படகுச் சேவை முயலப்பட்டது. ஆனால் அது நிலைபெறவில்லை. வீதியில் நெரிசலுற்றுச் செல்லும் பேருந்தினும் விரைவும் ஒழுங்கும் உடையதாயினன்றி, மக்கள் படகுத்துறையை நாடார். முத்துராஜவெலவில் மட்டும், ஹமில்டன் கால்வாய் வழியே மோட்டார்ப் படகிற் சென்று பறவைகளையும் கண்டல் மரங்களையும் காணும் உலா இன்றும் வழக்கில் உள்ளது.

இவற்றால் பெறப்படும் முடிபு ஒன்றுண்டு. படகுப் பயணம் அருகியமைக்கு மக்களின் விருப்பம் குன்றியமை மட்டுமே காரணமன்று. நீரை வழியெனக் கொள்ளும் எண்ணம் ஆட்சியாளரிடத்தும் மக்களிடத்தும் மறைந்தமையே மூலகாரணம். புதிய பாலம் ஒன்றை அமைக்கும்போது அதன்கீழ்ப் படகொன்று செல்லுதற்குரிய உயரத்தை விட்டு அமைத்தலும், களையைக் காலம் தவறாது அகற்றுதலும், கழிவுநீரைக் கால்வாயில் விடாது தடுத்தலும் பெருஞ்செயல்கள் அல்ல. அவற்றைச் செய்யின், கொட்டாஞ்சேனையிலிருந்து நீர்கொழும்புக்குப் படகிற் செல்லும் நாள் மீளவும் வரலாம். அது வராவிடினும், மழைநீர் தடையின்றிக் கடலை அடையும். கால்வாய்க் கரையில் வாழ்வோர் மாரிக்கால இரவுகளில் அச்சமின்றி உறங்குவர்.